எச்ஐவி மாத்திரையால் சர்க்கரை, கொழுப்பு, எடை கூடுமா? காரணம் என்ன, கவனிக்க வேண்டியது என்ன?

எச்ஐவி தொற்று உள்ளவர்கள் ஏஆர்டி மையங்களில் வாங்கிச் சாப்பிடும் கூட்டு மருந்து, சில வருடங்களில் முடிந்துபோக இருந்த வாழ்க்கையைப் பல பத்தாண்டுகளுக்கு நீட்டியிருக்கிறது. முன்பெல்லாம் அந்த மையங்களில் "எவ்வளவு நாள் இருப்பேன்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. இப்போது கேள்வி மாறிவிட்டது. "சுகர் வந்திருச்சே, இந்த மாத்திரையாலயா?", "வயிறு மட்டும் ஏன் இப்படிப் போடுது?", "கொலஸ்ட்ரால் ஜாஸ்தின்னு சொல்றாங்க, மாத்திரையை நிறுத்திடலாமா?" என்றுதான் பலர் கேட்கிறார்கள்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடலாம்: நிறுத்தக் கூடாது. ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம். மற்றக் கேள்விகளுக்கு ஒரே வரியில் பதில் இல்லை. எந்த மருந்து, எத்தனை வருடமாக, யாருக்கு என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

வளர்சிதை மாற்றம் என்றால் என்ன?

சாப்பிட்ட சாப்பாட்டை உடம்பு சக்தியாக மாற்றுவது, மிச்சத்தைக் கொழுப்பாகச் சேர்த்து வைப்பது, தேவைப்படும்போது எடுத்துச் செலவழிப்பது ஆகிய எல்லா வேலைகளுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் வளர்சிதை மாற்றம். இந்தக் கணக்கு தப்பினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கொழுப்பு ஏறும், கொழுப்பு சேர வேண்டிய இடத்தில் சேராமல் வேறு இடத்தில் சேரும். இதில் எதுவும் உடனே வலிக்காது என்பதுதான் சிக்கல். பத்து வருடம் கழித்து மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ சிறுநீரகப் பாதிப்பாகவோ வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

எச்ஐவி உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு மூன்று பக்கத்திலிருந்து தப்பலாம். ஒன்று, வைரஸே உடம்புக்குள் உண்டாக்கும் நீடித்த அழற்சி. இரண்டு, மருந்துகள். மூன்று, எல்லோருக்கும் உள்ள வயது, பரம்பரை, சாப்பாடு, சிகரெட், நடை இல்லாத வாழ்க்கை. ரிப்போர்ட்டில் சர்க்கரை 180 என்று வந்தால் இந்த மூன்றில் எது காரணம் என்று பிரித்துச் சொல்வது டாக்டருக்கே கஷ்டம். அதனால் பழியெல்லாம் மாத்திரை மேல் விழுகிறது. பழைய மாத்திரைகள் அந்தப் பழிக்கு ஓரளவு தகுதியானவைதான்.

ஒட்டிப்போன கன்னங்கள்: ஸ்டாவுடின் விட்டுச் சென்ற அடையாளம்

இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த டாக்டர் நிர்மலாவும் சேர்ந்து செய்த வேலை அது. அதற்குப் பிறகு பல வருடங்கள் சாதாரண மக்களுக்கு எட்டும் விலையில் மருந்தே இல்லை. மேற்கு நாடுகளில் ஒருவரின் ஒரு வருட மருந்துச் செலவு 10,000 டாலரைத் தாண்டியது.

2001இல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா, மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து, ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாகத் தொண்டு நிறுவனங்களிடம் அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் ஆகியவைதான் அந்த மூன்று. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசின் இலவச ஏஆர்டி திட்டம் தொடங்கியபோது, தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட முதல் மையங்களில் கொடுக்கப்பட்டவற்றில் இந்தக் கூட்டும் உண்டு.

படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அதே சமயம், சில வருடங்களில் வேறொன்றும் தெரிய ஆரம்பித்தது. கன்னம் ஒட்டியது. பொட்டுப் பகுதி குழி விழுந்தது. கை கால்களில் கொழுப்பு வற்றி நரம்புகள் கயிறு போலப் புடைத்தன. பிட்டத்தில் சதை கரைந்து, உட்கார்ந்தால் எலும்பு குத்தியது. பாதம் எரிந்தது, மரத்துப்போனது.

காரணம் இதுதான். நம் செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு டிஎன்ஏ உண்டு. அதைப் படியெடுக்கும் நொதியைக் காமா பாலிமரேஸ் என்பார்கள். எச்ஐவி வைரஸ் தன்னைப் படியெடுப்பதைத் தடுக்க வந்த ஸ்டாவுடின், அந்த நொதியையும் தடுத்துவிட்டது. மைட்டோகாண்ட்ரியா சேதமானதும் கொழுப்புச் செல்கள் செத்தன, நரம்புகள் பாதிக்கப்பட்டன. சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தானது. ஸ்டாவுடினுக்கு மாற்றாக இருந்த ஜிடோவுடினும் இதே குடும்பம்தான். சேதம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதில் ரத்த சோகை வேறு.

கொழுப்பு வற்றுவது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு ஒரு கிடங்கு மாதிரி. கிடங்கு அழிந்தால், சாப்பிட்ட கொழுப்பு ரத்தத்திலும் கல்லீரலிலும் போய்த் தேங்கும். இன்சுலின் வேலை செய்வது தடைபடும். சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் அது நேர்வழி.

இதைவிடக் கொடுமை வெளியில் நடந்தது. ஒட்டிய முகத்தைப் பார்த்தே ஊரும் உறவும் நோயை யூகித்துவிட்டன. யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்ததை மாத்திரையே முகத்தில் எழுதிக் காட்டியது. பலர் மருந்தை விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவிலும் அது நிறுத்தப்பட்டது. ஆனால் 2004 முதல் சிகிச்சையில் இருப்பவர்கள் இன்றும் மையங்களுக்கு வருகிறார்கள். மருந்து மாறிய பிறகு கொழுப்பு மெதுவாகத் திரும்புகிறது, முழுசாகத் திரும்புவதில்லை. ஒட்டிய கன்னத்தை நிரப்பும் ஊசிகள் உண்டு. அமெரிக்காவில் 2004இலேயே இதற்கென்று ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. தோல் மருத்துவர்கள் போடும் விலை உயர்ந்த ஊசி அது.

வயிறு மட்டும் பெருப்பது ஏன்?

1996 வாக்கில் வந்த புரோட்டியேஸ் தடுப்பான்கள்தான் எச்ஐவி சிகிச்சையைத் தலைகீழாக மாற்றின. இரண்டே வருடத்தில், 1998இல், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் ஆண்ட்ரூ கார் குழுவினர் இந்த மருந்து சாப்பிட்டவர்களிடம் ஒரு வினோதமான மாற்றத்தை விவரித்தார்கள். கை கால் மெலிகிறது, வயிறு பெருக்கிறது, பிடரியில் கொழுப்பு திரள்கிறது, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு எகிறுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. இதற்கு லிப்போடிஸ்ட்ரோபி என்று பெயர் வைத்தார்கள்.

இந்த வயிற்றுக் கொழுப்பு, கையால் பிடித்துத் தூக்கக்கூடிய தொப்பை அல்ல. குடலைச் சுற்றி உள்ளே சேர்வது. தொட்டால் கெட்டியாக இருக்கும். பிடித்து இழுத்தால் சதை கையில் வராது. இதயத்துக்கு ஆபத்தானது இந்த உள்கொழுப்புதான்.

இன்று இந்தியாவில் முதல் கட்ட மருந்து வேலை செய்யாதவர்களுக்கு இரண்டாம் கட்டமாகத் தரப்படும் லோபினவிர், அட்டாசனவிர் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கூடவே ரிட்டோனவிர் இருக்கும். லோபினவிர் கூட்டு ட்ரைகிளிசரைடை நன்றாகவே ஏற்றும். அட்டாசனவிர் அந்த விஷயத்தில் சாது. அதற்குப் பதில் கண்ணை மஞ்சளாக்கும், "மஞ்சள் காமாலை வந்துருச்சு" என்று பலரைப் பயமுறுத்தும். பெரும்பாலும் அது கல்லீரல் நோய் அல்ல.

ரிட்டோனவிர் சாப்பிடுபவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. பல மருந்துகளை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அது முடக்கிவிடும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் இன்ஹேலரில் இருக்கும் புளூட்டிகசோன், பியூடசோனைடு, மூட்டு வலிக்குப் போடும் ட்ரையாம்சினோலோன் ஊசி ஆகியவை உடைபடாமல் உடம்பிலேயே தங்கிவிடும். முகம் ஊதும், பிடரியில் கொழுப்பு சேரும், சர்க்கரை ஏறும். பார்ப்பவர்கள் "ஏஆர்டி மாத்திரை செய்த வேலை" என்பார்கள். உண்மையில் இரண்டு மருந்துகள் மோதிக்கொண்டதன் விளைவு அது. மூட்டுக்கு ஊசி போடும் டாக்டருக்கு எச்ஐவி மருந்து பற்றித் தெரியாவிட்டால் இது நடக்கும்.

இப்போது தரும் டிஎல்டி மாத்திரை எப்படி?

2020 முதல் படிப்படியாக இந்தியாவில் பெரும்பாலானவர்கள் டிஎல்டிக்கு மாற்றப்பட்டார்கள். டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். மூன்றும் ஒரே மாத்திரையில், நாளைக்கு ஒன்று. முன்பு இருந்த எஃபாவிரென்ஸ் மாத்திரை மாதிரி தலை சுற்றாது, கண்டபடி கனவு வராது. வைரஸை வேகமாக அடக்குகிறது. கன்னம் ஒட்டுவதில்லை. இதில் உள்ள டெனோஃபோவிர் கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்கவே செய்கிறது.

ஆனால் எடை கூடுகிறது.

இதை உரக்கச் சொன்னது தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த அட்வான்ஸ் ஆய்வு. 2019இல் வெளியான இதில் 1,053 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 48 வாரங்களில், டோலுடெக்ராவிருடன் புதிய வகை டெனோஃபோவிர் சாப்பிட்ட பெண்களுக்குச் சராசரியாகச் சுமார் 6 கிலோ கூடியது. டோலுடெக்ராவிருடன் பழைய வகை டெனோஃபோவிர், அதாவது இன்று இந்தியாவில் டிஎல்டியில் இருப்பது, சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 3 கிலோ. எஃபாவிரென்ஸ் கூட்டு சாப்பிட்டவர்களுக்கு 2 கிலோவுக்கும் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் ஏறியது. கேமரூன் நாட்டில் நடந்த நாம்சால் ஆய்விலும் டோலுடெக்ராவிர் குழுவில்தான் எடை அதிகம் ஏறியது.

இந்த எண்களை அப்படியே "டோலுடெக்ராவிர் கொழுக்க வைக்கிறது" என்று படிப்பது அவசர முடிவு. எஃபாவிரென்ஸும் பழைய டெனோஃபோவிரும் எடையை இழுத்துப் பிடிப்பவை. எஃபாவிரென்ஸ் சிலர் உடம்பில் மெதுவாகத்தான் உடையும். அது மரபணு சம்பந்தப்பட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு எடை ஏறவே ஏறாது. அந்தப் பிடி விலகியதும் எடை ஏறுவதும் இந்தக் கணக்கில் சேர்ந்துதான் வருகிறது. இன்னொரு பங்கு, நோயில் இளைத்த உடம்பு இழந்த எடையைத் திரும்பப் பெறுவது. சிடி4 எண்ணிக்கை ரொம்பக் குறைந்த நிலையில் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு எடை அதிகமாக ஏறுவதற்குக் காரணம் அதுதான். டோலுடெக்ராவிர் நேரடியாகப் பசியைத் தூண்டுகிறதா, கொழுப்புச் செல்களை மாற்றுகிறதா என்ற விவாதம் விஞ்ஞானிகளிடையே தொடர்கிறது.

தமிழ்நாட்டில் இந்த எடை விஷயத்துக்கு வேறொரு முகமும் உண்டு. எய்ட்ஸ் என்றாலே எலும்பும் தோலுமான உருவம்தான் மக்கள் மனதில் இருந்தது. அதனால் உடம்பு பூசினால் அது நிம்மதி. "நல்லா தேறிட்டியே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். இளைக்கச் சொன்னால் பயம் வருகிறது, "மறுபடியும் சந்தேகப்பட்டா?" என்று. சிகிச்சை தொடங்கிய நாளில் சொல்லப்பட்ட முட்டை, பால், சத்துமாவு அறிவுரையை 80 கிலோ ஆன பிறகும் அப்படியே கடைப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அறிவுரை 40 கிலோ உடம்புக்குச் சொன்னது. இதை யாராவது அவர்களிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

எடை பெரும்பாலும் முதல் ஒன்றரை வருடத்தில்தான் வேகமாக ஏறும். எனவே கவனிக்க வேண்டிய காலமும் அதுவே. மாத்திரையை மாற்றினால் எடை இறங்கிவிடும் என்று நம்பி மாற்றிப் பார்த்த ஆய்வுகளில் பெரிய பலன் தெரியவில்லை. ஏறிய எடை சுலபத்தில் இறங்குவதில்லை, ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

எடை மெஷினைவிட இஞ்ச் டேப் முக்கியம். தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் அது எச்சரிக்கை. ஐரோப்பியர்களுக்குச் சொல்லும் அளவு இதைவிட அதிகம். நம் உடம்புவாகு, பார்க்க ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு வைத்துக்கொள்ளும் ரகம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும். பேன்ட் போடும் இடத்தில் அளந்தால் தப்பான அளவு வரும்.

சர்க்கரை: டெஸ்ட்டிலும் ஒரு சிக்கல், மாத்திரையிலும் ஒரு சிக்கல்

இந்தியாவில் எச்ஐவி இல்லாதவர்களுக்கே சர்க்கரை நோய் சர்வசாதாரணம். எனவே எச்ஐவி உள்ள ஒருவருக்குச் சர்க்கரை வந்தால் மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஸ்டாவுடின், ஜிடோவுடின், பழைய புரோட்டியேஸ் தடுப்பான்கள் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். டோலுடெக்ராவிருக்கு மாறியபின் சிலருக்குத் திடீரென்று சர்க்கரை மிக அதிகமாக ஏறியதை உகாண்டா மருத்துவர்கள் 2020இல் பதிவு செய்தார்கள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவை டிஎல்டி தொடங்கிய சில மாதங்களில் தெரிந்தால் அடுத்த மாத்திரைத் தேதி வரை காத்திருக்காமல் உடனே மையத்துக்குப் போக வேண்டும்.

டெஸ்ட்டில் உள்ள சிக்கல் பலருக்குத் தெரியாது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி என்ற பரிசோதனை, எச்ஐவி மருந்து சாப்பிடுபவர்களிடம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். காரணம், ஜிடோவுடின் போன்ற மருந்துகள் சிவப்பணுக்களின் அளவையும் ஆயுளையும் மாற்றிவிடுகின்றன. சிவப்பணு சீக்கிரம் மறைந்தால் அதில் ஒட்டும் சர்க்கரையும் குறைவாகத் தெரியும். எனவே இவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையே நம்பகமானது. சிகிச்சை தொடங்கும் முன்பும், மருந்து மாற்றும்போதும், அதிலிருந்து 3 முதல் 6 மாதத்துக்குள்ளும் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். 100க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126ஐத் தொட்டால், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

அடுத்தது மாத்திரைச் சிக்கல். சர்க்கரைக்கு எல்லோருக்கும் முதலில் எழுதுவது மெட்ஃபார்மின். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும். அந்த வழியை டோலுடெக்ராவிர் ஓரளவு அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவு ஏறத்தாழ 80 சதவீதம் கூடுகிறது. அதனால் டிஎல்டி சாப்பிடுபவருக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. மற்றவர்களுக்கு டாக்டர்கள் சாதாரணமாக 2,000 மில்லிகிராம் வரைகூட எழுதுவார்கள்.

இது எங்கே சிக்கலாகிறது என்றால், எச்ஐவி மாத்திரை ஒரு இடத்திலும் சர்க்கரை மாத்திரை வேறு இடத்திலும் வாங்கும்போதுதான். ஏஆர்டி மையம் மாவட்டத் தலைநகரில். சர்க்கரை மாத்திரை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, தெரு முனை கிளினிக்கிலோ. 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவருபவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். அவரிடம் போய் "நான் டிஎல்டி சாப்பிடுறேன்" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையின் அட்டையை எடுத்துப்போய் ஏஆர்டி மைய மருத்துவரிடம் காட்டலாமே. அங்கே ரகசியம் ஏற்கெனவே தெரிந்ததுதான். மெட்ஃபார்மின் அளவு சரியா என்று அவர் பார்த்துச் சொல்வார். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கொலஸ்ட்ராலும் இதயமும்

எச்ஐவி உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். வைரஸ் கட்டுப்பாட்டில் இருந்தாலும் உள்ளே ஒரு மெல்லிய அழற்சி ஓடிக்கொண்டே இருப்பது இதற்கு ஒரு காரணம். சில மருந்துகளுக்கும் பங்கு உண்டு. பழைய புரோட்டியேஸ் தடுப்பான்களை அதிக வருடம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு கூடுவதை டிஏடி என்ற பன்னாட்டு ஆய்வு காட்டியது. அபாகவிர் மருந்துக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2008இல் சொன்னதும் அதே ஆய்வுதான். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு அபாகவிர் தர டாக்டர்கள் யோசிப்பது இதனால்தான்.

இந்த விஷயத்தில் சமீபத்திய பெரிய செய்தி 2023இல் வந்த ரிப்ரீவ் ஆய்வு. இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுக்குள் உள்ள 7,769 எச்ஐவி பாசிட்டிவ் நபர்கள் கலந்துகொண்டார்கள். இவர்கள் யாரும் பெரிய இதய ஆபத்துப் பட்டியலில் இல்லாதவர்கள். சாதாரணக் கணக்குப்படி ஸ்டாட்டின் மாத்திரை தேவைப்படாதவர்களும் இவர்களில் நிறையப் பேர். பாதிப் பேருக்குப் பிட்டவாஸ்டாட்டின் 4 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. முடிவில், ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்திருந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் சிலருக்குத் தசை வலியும், கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரை நோயும் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனவே 40 வயதைத் தாண்டிய ஒருவர் "எனக்கு ஸ்டாட்டின் வேணுமா?" என்று மையத்தில் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. ரிட்டோனவிர் உள்ள கூட்டு சாப்பிடுபவர்கள் சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் இரண்டையும் தொடவே கூடாது. ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறி, தசை கரைந்து, சிறுநீரகம் வரை பாதிக்கும். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் கொடுத்தாலும் குறைந்த அளவில்தான். டிஎல்டி சாப்பிடுபவர்களுக்கு இந்த மோதல் கிடையாது.

அப்படியே சிகரெட்டையும் சொல்லிவிட வேண்டும். எச்ஐவி கட்டுப்பாட்டில் உள்ள ஒருவருக்கு இன்று மாத்திரையைவிடப் பெரிய எதிரி சிகரெட்டும் பீடியும்தான்.

சிறுநீரகம், எலும்பு

டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும். அதனால்தான் மையத்தில் கிரியாட்டினின் பார்க்கிறார்கள். டோலுடெக்ராவிர் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் லேசாக ஏறும். அது சிறுநீரகம் கெட்டதால் அல்ல, கிரியாட்டினின் வெளியேறும் ஒரு வழியை மருந்து மறிப்பதால். அந்தச் சின்ன ஏற்றத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால்தான் யோசிக்க வேண்டும்.

எலும்புக்கு என்று கால்சியம், ரத்தத்துக்கு என்று இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் டிஎல்டியை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். வெறும் வயிற்றில் ஒன்றாக எடுத்தால் டோலுடெக்ராவிர் உடம்பில் சேராது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்துகளுக்குச் சாப்பாட்டுச் சலுகையும் இல்லை, இடைவெளி கட்டாயம்.

இவ்வளவு பக்கவிளைவு இருந்தால் கொஞ்ச நாள் நிறுத்தி எடுத்தால் என்ன?

இதே கேள்வியை விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் கேட்டார்கள். மருந்துக்கு நடுவே இடைவெளி விட்டால் பக்கவிளைவு குறையும், இதயம் பிழைக்கும் என்று நம்பினார்கள். அதைச் சோதிக்க 33 நாடுகளில் 5,472 பேரிடம் நடந்தது ஸ்மார்ட் ஆய்வு. சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்துவது, 250க்குக் கீழே இறங்கினால் மறுபடி தொடங்குவது என்று ஒரு குழு. விடாமல் சாப்பிடுவது இன்னொரு குழு.

2006இல் முடிவு வந்தது. நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவர்கள் அதிகம் பேர் இறந்தார்கள். எய்ட்ஸ் சார்ந்த நோய்கள் கூடின. எதைத் தவிர்க்க நிறுத்தினார்களோ, அந்த இதய, சிறுநீரக, கல்லீரல் பாதிப்புகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன. மருந்து செய்யும் கெடுதலைவிட, மருந்தில்லாமல் வைரஸ் ஆடும் ஆட்டம் இதயத்துக்குப் பெரிய கெடுதல் என்பது அன்று தெளிவானது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும் என்பது தனி ஆபத்து. அப்போது இரண்டாம் கட்ட மருந்துக்குப் போக வேண்டிவரும், அதில் கொழுப்புத் தொல்லை இன்னும் அதிகம்.

மருந்தை நிறுத்தக் கூடாது. ஆனால் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். பழைய ஜிடோவுடினிலேயே இருப்பவர்கள், லோபினவிரில் ட்ரைகிளிசரைடு ஏறியவர்கள் மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேட்பது அவர்கள் உரிமை.

வெளி டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

இந்தப் பிரச்சினைகளில் பாதி, ஒரு டாக்டருக்குத் தெரிந்தது இன்னொரு டாக்டருக்குத் தெரியாததால் வருகிறது. சொன்னால் முகம் மாறுமோ, ஊசி போட மறுப்பார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை. பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்லவும் முடியாது.

நோயின் பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் மருந்தின் பெயரையாவது சொல்லலாம். "டோலுடெக்ராவிர் எடுக்கிறேன்" அல்லது "ரிட்டோனவிர் எடுக்கிறேன்" என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டினால் போதும், மருத்துவருக்குப் புரிந்துவிடும். சீட்டை ஏஆர்டி மையத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தார்கள், எவ்வளவு இருந்தது என்பதையும் அதே சீட்டின் பின்புறம் குறித்து வைத்தால், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்று இருப்பதைக் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. சம்மதம் இல்லாமல் ஒருவரது எச்ஐவி நிலையை வெளியிடுவதும் அந்தச் சட்டப்படி தவறு. புகார்களை விசாரிக்க மாநில அளவில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. மருந்து, பக்கவிளைவு, பக்கத்தில் உள்ள மையம் பற்றிய சந்தேகங்களை தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.